கொடியில் ஏறும் சட்டைகள்

பிப்ரவரி 10, செவ்வாய்

திருப்பூரிலிருந்து துணி மூட்டைகள் பாம்பன் வந்து சேர்ந்தன. கேட்டது ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. வந்ததில் பாவாடை, பள்ளிச் சீருடை, ஜரிகை வேட்டி எல்லாம் கலந்து கிடக்கிறது. 2004 சுனாமிக்கு அப்புறம் வெளியூர்களிலிருந்து வந்த பழந்துணி, சாலையோரங்களில் யாரும் தொடாமல் மழையில் நனைந்து கிடந்தது. கொடுப்பதிலும் மரியாதை வேண்டும். அதனால் முதல் வேலையாக, உடுத்த முடியாததையெல்லாம் தனியே எடுத்துவிட்டோம்.

சட்டை எதற்கு? பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி எடுக்கக் கடலில் இறங்கும்போது சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வார்கள். பாறை கீறும், சொறி மீன் பட்டால் உடம்பு எரியும். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி போட்டு முங்குவார்கள். அத்தனை உழைத்தும், கையில் மீனவர் அடையாள அட்டை இல்லாதவர்கள் இங்கே நிறைய. மகளிர் தினத்தன்று இந்தச் சட்டைகளைத் துணி காயப்போடும் கொடியில் ஏற்றி, சட்டைப் பை மேல் அந்த அட்டையைத் துணியில் தைத்துக் காட்ட வேண்டும் என்பது திட்டம்.

பிப்ரவரி 12, வியாழன்

சாயங்காலம் எல்லோரும் கூடினோம். கொசோவோவின் பிரிஸ்டினா நகரத்துப் படங்களைப் போனில் காட்டினேன். அங்கே போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக, 2015 ஜூனில், அல்கெத்தா ஜாஃபா மிரிபா என்ற கலைஞர் கால்பந்து மைதானம் முழுக்கக் கொடி கட்டி, மக்கள் கொடுத்த பாவாடைகளையும் கவுன்களையும் தொங்கவிட்டார். சுமார் 5,000 உடுப்புகள். துவைத்த துணி காய்வதுபோல அத்தனையும் வெயிலில். வெளியே சொல்லக் கூடாது என்று வாயடைத்து வைத்திருந்த ஒன்றை ஊர் நடுவே நிறுத்திய வேலை அது.

எல்லோரும் படத்தை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் அவுகவுக உடுத்துனதா?"

"ஆமாக்கா. பாதிக்கப்பட்டவங்களே கொண்டாந்து கொடுத்ததும் அதுல இருக்கு."

"அப்ப திருப்பூர்ச் சட்டைய எதுக்குத் தொங்கவிடணும்? அதுல உப்பு இருக்கா, கிழிசல் இருக்கா? நல்ல சட்டைய எங்களுக்குக் குடு, நாங்க கடலுக்குப் போட்டுக்கிறோம். நாங்க போட்டுக் கழிச்சதைக் கொடியில ஏத்து."

இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தானம் வந்தது உடம்புக்கு, உழைத்தது கொடிக்கு. திட்டத்தை இதைவிடச் சரியாக யாரும் வகுத்திருக்க முடியாது.

பிப்ரவரி 17, செவ்வாய், அமாவாசை

எல்லோரும் கடலில். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்ற கட்டுப்பாட்டை இந்தப் பெண்களே வைத்துக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டும் இரும்பையும் விட்டார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, தலைமுறையாகப் போன தீவுப் பக்கமே பயந்து போக வேண்டிய நிலை. கடலைக் காக்கத் தெரியாதவர்களா இவர்கள்? இதே சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது.

பிப்ரவரி 21, சனி

கடலுக்குப் போய்வந்த சட்டைகள் கைக்கு வர ஆரம்பித்துவிட்டன. ஒன்றை மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தேன். நீலக் கட்டம் போட்டது, முதுகில் நிறமே போய்விட்டது. வலது கை மணிக்கட்டுப் பட்டி நூல் நூலாகத் தொங்குகிறது. பாறை இடுக்கில் கைவிடுவது அந்தக் கை. இடுப்பில் பாசிப் பையின் கயிறு அறுத்த தடம். இரண்டு பொத்தானுக்குப் பதில் ஊக்கு, அதுவும் துருப்பிடித்து வட்டமாகக் கறை. சட்டைப் பைக்குள் காய்ந்த மரிக்கொழுந்துப் பாசி ஒரு துணுக்கு.

கிழிசலை மூடுவதில்லை என்று முடிவு. மேலும் பிரியாமல் ஓரத்தை மட்டும் சிவப்பு நூலால் கட்டுகிறோம். நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும், கறை அப்படியே இருக்கட்டும். பையின் மேல் வெள்ளைத் துணியில் அட்டை: படத்துக்குக் கட்டம், தொழில் என்ற இடத்தில் 'கடல் தொழில்'. படக் கட்டம் காலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஜவுளி படித்ததில் தெரிந்த ஒன்றை இன்று சொன்னேன். பருத்தித் துணியில் பூப் போட்டு அச்சடிக்கும்போது சாயம் கசியாமல் இருக்க, சாயக் கூழைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்குப் போடுவது அல்ஜினேட். அது எடுக்கப்படுவது கட்டக்கோரை போன்ற பாசியிலிருந்து. மூட்டையில் வந்த பூப்போட்ட சட்டையைக் காட்டி, "இந்தப் பூ கலையாம நிக்க உங்க கடல் சரக்கு வேணும்" என்றதும், ஒரு மதினி அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "இதை நான் எடுத்துக்கிறேன்" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

வளமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். பாசிக்கு மதிப்பு தெரிகிறது. முங்கி எடுப்பவளுக்கு ஒரு அட்டை கொடுக்க எவ்வளவு ஆகிவிடும்?

மார்ச் 8, ஞாயிறு

கடற்கரையில் பனைகளுக்கு நடுவே வலைக் கயிறு கட்டி ஏற்றினோம். காற்றுக்குக் கைகள் விசிறின. பார்க்க வந்த கல்லூரிப் பையன் ஒருவன், சட்டைக்கும் உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டு போராடி, 1859இல்தான் அரசு ஆணை வந்தது; அதுவும் மேல்சாதியார் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. இதைச் சொன்னேன். அந்தத் தோள்சீலைப் போராட்டத்தைப் பாடத்தில் படித்திருக்கிறானாம். அப்புறம் ஒவ்வொரு சட்டையாக நின்று படித்தான்.

அக்காக்கள் அவரவர் சட்டைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

ராமநாதபுரத்தில் அடையாள அட்டை கேட்டு மனு கொடுத்துவிட்டு வந்தோம். பெண்கள் சேலைக்கு மேல் அதே சட்டையோடுதான் போனார்கள். ரசீது வாங்கிக்கொண்டோம், பத்திரமாக இருக்கிறது. ஏர்வாடிப் பக்கத்துப் பெண்களும் சேர்கிறார்கள். அவர்களுக்குச் சட்டை வேண்டாமாம், தங்களுடையதே கிழிந்தது நிறைய இருக்கிறதாம். சிவப்பு நூலும் ஊசியும் மட்டும் அடுத்த அமாவாசைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.