வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பை

போன சனிக்கிழமை ஹூஸ்டன் ஃபுட் பேங்க்ல வாலன்டியர் ஷிஃப்ட்டுக்கு நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கிற பொண்ணு மூணு பேரும் போனோம். தலைக்கு வலை, கைக்கு கிளவுஸ் மாட்டிக்கிட்டு உள்ள போனா அம்மாடி, எங்க ஊர் நெல்லு கிட்டங்கி நாலஞ்சைச் சேர்த்து வச்சாலும் காணாது, கூரை வரைக்கும் பெட்டிங்க, நடுவுல ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கிட்டே இருக்கு. எங்களுக்கு டின் பிரிக்கிற வேலை. தேதி பாக்கணும், விளிம்புல நசுங்கினது, உப்பினது எல்லாத்தையும் கழிச்சிரணும். மூணு மணி நேரத்துல கால் கடுத்துப் போச்சு.

ஃபுட் பேங்க்னா வாசல்ல வரிசையில நிக்கிறவங்களுக்கு சாப்பாடு குடுக்கிற இடம்னுதான் நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இது மொத்தக் கடை மாதிரி. தென்கிழக்கு டெக்ஸஸ்ல 18 கவுன்ட்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இங்கருந்துதான் போகுது. சூப்பர்மார்க்கெட்ல மிஞ்சினது, தோட்டத்துல விலை போகாதது, கவர்மென்ட் வாங்கி அனுப்புறது எல்லாம் வந்து இறங்கி, தரம் பாத்து, சர்ச், ஸ்கூல், இல்லாதவங்களுக்கு நேரா சாப்பாட்டுப் பொருள் குடுக்கிற சின்னச் சின்ன பேன்ட்ரினு லாரியில கிளம்புது. ஒரு லாரி வெங்காயம் சும்மா தரேன்னு யாராவது சொன்னா ஒரு கிராமத்து சர்ச் அதை எங்க கொண்டுபோய் வைக்கும்? குளிர்சாதன அறை, லாரி, ஆளு இதெல்லாம் இருக்கிற ஒரு பெரிய குடோன் நடுவுல இல்லைன்னா அந்த வெங்காயம் குப்பைக்குத்தான் போகும்.

இந்த யோசனையே ஒரு தாய் சொன்னதுதானாம். 1960கள்ல அரிஸோனா ஃபீனிக்ஸ்ல ஜான் வான் ஹெங்கல்னு ஒருத்தர் ஏழைங்களுக்கு சாப்பாடு போடுற இடத்துல உதவிக்கிட்டு இருந்தார், அப்ப பிள்ளைங்களுக்காக கடை குப்பைத்தொட்டில தேடிக்கிட்டு இருந்த ஒரு அம்மா, பணத்தைப் போட்டு வைக்க பேங்க் இருக்கிற மாதிரி சாப்பாட்டுக்கும் ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்னு சொல்லியிருக்காங்க. 1967ல செயின்ட் மேரிஸ் ஃபுட் பேங்க் ஆரம்பிச்சாச்சு. வயித்துப்பசி தெரிஞ்சவங்க வாயிலருந்து வந்த வார்த்தை, அதான் இன்னிக்கு நாடு பூரா நிக்குது.

என்னை உலுக்கினது பக்கத்து மேஜைதான். 'பேக்பேக் பட்டி' (Backpack Buddy)னு ஒரு திட்டம், ஸ்கூல்ல இலவசச் சாப்பாட்டை நம்பியிருக்கிற பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு பை குடுத்து விடுவாங்க, சனி ஞாயிறு ரெண்டு நாளைக்கு. அதைப் பாத்ததும் அம்மா ஞாபகம் வந்துருச்சு. அம்மா சத்துணவு ஆயாவா இருந்தவங்க, திங்கக்கிழமை மட்டும் சோறு கூடுதலா செலவாகும்டி, பிள்ளைங்க ரெண்டாவது தடவை தட்டைத் தூக்கிட்டு வரும்னு சொல்வாங்க. எம்.ஜி.ஆர் சத்துணவு கொண்டு வந்ததும் 1982, இந்த ஹூஸ்டன் ஃபுட் பேங்க் தொடங்கினதும் 1982. இவ்வளவு பணக்கார ஊர்லயும் அதே திங்கக்கிழமை இருக்குங்கிறது எனக்கு தாங்கவே முடியல.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், வீட்ல பழசாகிப் போன டின்னைக் கழிச்சுக் கட்டறதுக்கு தயவுசெஞ்சு அங்க கொண்டு போகாதீங்க. பணமா குடுத்தா அவங்க மொத்தமா வாங்குறதால நம்மளை விட ரொம்பக் கம்மி விலைக்கு நிறைய வாங்கிருவாங்க.

வீட்டுக்கு வரும்போது பொண்ணு கார்ல, அப்ப சம்மர் லீவுல அந்தப் பிள்ளைங்க என்னம்மா பண்ணும்னு கேட்டா. ஜூன்ல மூணு சனிக்கிழமை புக் பண்ணிருக்கோம். கார்ல ரெண்டு சீட் இருக்கு, வர்றவங்க சொல்லுங்க.