டெபியன் 12-க்கு மாறிய பிறகு அச்சு வராத பிரிண்ட் சர்வர்: சரி செய்த கதை

எங்கள் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் என் மாமா பத்திர எழுத்தராக இருக்கிறார். அவர் அலுவலகத்துக் கணினிகளை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். நான்கு விண்டோஸ் கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், நடுவில் பிரிண்ட் சர்வராக ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும், அச்சு வேலைகளை வாங்கிப் பிரிண்டர்களுக்கு அனுப்பும் கப்ஸ் என்ற மென்பொருளும் ஓடுகின்றன. ஒரு பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கும் பெரிய மல்டிஃபங்ஷன். இன்னொன்று யூஎஸ்பி மட்டுமே உள்ள சின்ன லேசர், பாதி ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் வகை. இந்தச் சின்னதை எல்லோரும் பகிர்ந்துகொள்ளத்தான் சர்வர் வைத்தோம். யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற கணக்கும் கப்ஸின் பக்கப் பதிவேட்டில் கிடைப்பதால், கட்சிக்காரர்களிடம் அச்சுக் கூலி வாங்குவதில் தகராறு வருவதில்லை.

டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாற வேண்டும் என்று சொன்னது நான்தான். 2024 செப்டம்பர் கடைசியில் இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்காரிடெல்லி கப்ஸைச் சுற்றியுள்ள நிரல்களில் கண்ட ஓட்டைகளை வெளியிட்டார். கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணை நிரல் யுடிபி 631 போர்ட்டில் (போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட நெட்வொர்க் வாசல்) யார் எதை அனுப்பினாலும் நம்பி, அவர்கள் காட்டும் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பிரிண்டருக்கு ஒரு அச்சு போனால் வெளியாள் எழுதிய கட்டளை நம் கணினியில் ஓடிவிடும். திருத்தம் 11-க்கும் வந்தது. ஆனாலும் ஆதரவுக் காலத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பதிப்பை, ஊர்க்காரர்களின் சொத்து விவரமெல்லாம் கடந்துபோகும் கணினியில் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

மேம்படுத்தும் வேலையை உள்ளூர் ஹார்டுவேர் தம்பி ஒருவர் இரவில் முடித்துவைத்தார். காலையில் மாமா அழைத்தார். "மாப்ளே, ஒரு கம்ப்யூட்டர்லயும் பிரிண்ட் போகல. பத்தரைக்கு டோக்கன் இருக்கு."

பழுது பார்ப்பதற்கு முன் வேலை நிற்காமல் இருக்க ஒரு வழி வேண்டும். மல்டிஃபங்ஷன் நெட்வொர்க் பிரிண்டர் என்பதால், சர்வரை விட்டுவிட்டு, அதன் ஐபி முகவரிக்கே 9100 போர்ட் வழியாக அனுப்பும்படி ஒரு விண்டோஸ் கணினியில் சேர்த்தேன். சின்ன லேசரின் யூஎஸ்பி கேபிளைச் சர்வரிலிருந்து பிடுங்கி இன்னொரு கணினியில் செருகினேன். டோக்கன் வாங்கியவர்கள் பத்திரத்தோடு ரோட்டைக் கடந்து போன பிறகுதான் சர்வர் பக்கம் திரும்பினேன். பின்னால் ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்ற அவசரம் வரும். அந்த அவசரத்தில் மாற்றியவை எல்லாம் பிறகு தனித்தனிப் பழுதுகளாகத் திரும்பி வரும்.

அச்சு வேலை ஒன்று காகிதத்தைத் தொடும் முன் பல கை மாறுகிறது. விண்டோஸிலிருந்து நெட்வொர்க் வழியாகச் சர்வருக்கு வருகிறது. கப்ஸ் அதை வரிசையில் வைக்கிறது. ஃபில்டர் நிரல்கள் அதைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. பேக்எண்ட் நிரல் பிரிண்டரிடம் கொடுக்கிறது. எந்தக் கையில் அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் பதிவேடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு விண்டோஸ் கணினியிலிருந்து ஒரே ஒரு பக்கம் அனுப்பினேன். கப்ஸின் அணுகல் பதிவேட்டில் ஒரு வரிகூட விழவில்லை. வேலை சர்வருக்கு வந்து சேரவே இல்லை, ஆகவே டிரைவரைப் பற்றி இப்போது யோசிக்கத் தேவையில்லை.

எந்த போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று காட்டும் கட்டளையைக் கொடுத்ததும் விஷயம் தெரிந்தது. 631 போர்ட் திறந்திருந்தது, ஆனால் 127.0.0.1-இல் மட்டும். அதாவது சர்வர் தனக்குத்தானே கதவைத் திறந்து வைத்திருந்தது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு இல்லை. தம்பி மேம்படுத்தும்போது கப்ஸின் அமைப்புக் கோப்பைப் புதிய பதிப்பில் வருவதைக் கொண்டே மாற்றிவிட்டு, பழையதை வேறு பெயரில் பத்திரமாக வைத்திருந்தார். புதிய கோப்பில் கப்ஸ் உள்ளூர் முகவரியில் மட்டும் காது கொடுக்கும். பாதுகாப்புக்கு அதுதான் சரியான இயல்புநிலை, சர்வராக ஓடும் கணினிக்குத்தான் பொருந்தாது.

பழைய கோப்பையும் புதியதையும் டிஃப் போட்டு ஒப்பிட்டதில் மூன்று வித்தியாசங்கள் கண்ணில் பட்டன. எல்லா முகவரியிலும் 631-ஐத் திறக்கும் வரி, உள் நெட்வொர்க்கை அனுமதிக்கும் வரி, அப்புறம் சர்வரை வேறு எந்தப் பெயர்களில் அழைக்கலாம் என்று சொல்லும் சர்வர்அலியாஸ் என்ற வரி. மூன்றாவது அவசியமா என்று பார்க்க முதல் இரண்டை மட்டும் சேர்த்து கப்ஸை மறுபடி தொடங்கினேன். ஐபி முகவரி போட்டுச் சேர்த்திருந்த கணினிகள் உடனே இணைந்தன. சர்வரின் பெயரைப் போட்டுச் சேர்த்திருந்த கணினிக்கு மட்டும் 'தவறான கோரிக்கை' என்று 400 பிழை வந்தது. கப்ஸ் தனக்குத் தெரிந்த பெயரில் அழைத்தால்தான் பதில் சொல்லும். இணையப் பக்கம் ஒன்று, பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸை ஏமாற்றும் தந்திரத்தால் உள் நெட்வொர்க்குக்குள் நுழைவதைத் தடுக்க வைத்த காவல் அது. ரவுட்டர் இந்த சர்வருக்கு வைத்திருக்கும் பெயர் கப்ஸுக்குத் தெரியாது. பலர் அந்த வரியில் நட்சத்திரக் குறி போட்டு எந்தப் பெயரையும் ஏற்கச் செய்துவிடுவார்கள். நான் அந்தப் பெயரை மட்டும் எழுதினேன், காவலை முழுவதுமாக எடுத்துவிட எனக்கு இஷ்டமில்லை. கப்ஸ்-பிரவுஸ்டு சேவையையும் நிறுத்தி, தானாகத் தொடங்காதபடி செய்தேன். நமக்கு வேண்டிய பிரிண்டர்களை நாமே சேர்க்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

இப்போது வேலைகள் சர்வருக்கு வந்தன, வந்ததும் செத்தன. மல்டிஃபங்ஷனின் வரிசையில் 'ஃபில்டர் தோல்வி' என்று நின்றது. கப்ஸின் பிழைப் பதிவேட்டை விரிவான நிலைக்கு மாற்றி, மறுபடி ஒரே பக்கம் அனுப்பினேன். அந்தப் பிரிண்டருக்காக முன்பு நிறுவிய டிரைவரின் ஃபில்டர் நிரலை இயக்க முடியவில்லை, 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்றிருந்தது. போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது! அனுமதிகளும் சரியாக இருக்கின்றன. லினக்ஸில் பலரைச் சுற்ற வைக்கும் செய்தி இது. அந்த நிரல் பழைய 32-பிட் வகை. அதை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் 32-பிட் லோடர் மேம்படுத்தலுக்குப் பிந்தைய துப்புரவில் நீக்கப்பட்டிருந்தது. 'இல்லை' என்று கணினி சொன்னது ஃபில்டரை அல்ல, அந்த லோடரை. கோப்பின் வகையைச் சொல்லும் ஃபைல் கட்டளை ஒரே வரியில் இதைக் காட்டிக்கொடுக்கும்.

32-பிட் லைப்ரரிகளைத் திரும்ப நிறுவினால் பழையபடி ஓடியிருக்கும். நான் அந்த வழியில் போகவில்லை. பிரிண்டர் நிறுவனங்கள் தரும் பிபிடி டிரைவர்களை (பிரிண்டரின் வசதிகளை விவரிக்கும் பிபிடி கோப்போடு வருபவை) கப்ஸ் கைவிடப்போகிறது என்பது பல வருடங்களாகத் தெரிந்ததுதான், 3.0 பதிப்பில் அவற்றுக்கு இடமே இல்லை. இந்த மல்டிஃபங்ஷனுக்கு ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுவான அச்சு முறை தெரியும். தன்னால் என்னென்ன முடியும் என்று கேட்டால் அதுவே சொல்லும், தனி டிரைவர் தேவையில்லை. பழைய வரிசையை நீக்கி, அதே பெயரில் டிரைவர் இல்லாத வரிசையை உருவாக்கினேன். பெயர் மாறாததால் விண்டோஸ் கணினிகளில் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. சோதனைப் பக்கம் அழகாக வந்தது.

சின்ன லேசரின் கதை வேறு. கேபிளைச் சர்வரில் திரும்பச் செருகியதும், அதன் வேலைகள் பிழையே இல்லாமல் முடிந்ததாகக் கப்ஸ் சொன்னது, காகிதம் மட்டும் நகரவில்லை. இந்த வகைப் பிரிண்டருக்கு ஃபர்ம்வேர், அதாவது அதை உள்ளிருந்து இயக்கும் நிரல், சொந்தமாகக் கிடையாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அதை யூஎஸ்பி வழியாக ஊட்ட வேண்டும். ஊட்டியதும் உருளைகள் சில நொடி கரகரவென்று சுற்றி அடங்கும். அன்று ஆன் செய்ததும் விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வரிசை, அனுமதி, கேபிள் எதையும் சோதிக்க வேண்டியதில்லை, ஃபர்ம்வேர் போகவில்லை என்று அர்த்தம். சிஸ்டம் பதிவேட்டைப் பார்த்தால் காரணம் தெளிவாக இருந்தது. டிரைவர் தொகுப்பு மேம்படுத்தலில் புதிதாகிவிட்டது. ஃபர்ம்வேரைக் கொண்டுவரும் பிளகின் என்ற கூடுதல் நிரல் டெபியன் களஞ்சியத்தில் இல்லாத மூடிய மென்பொருள், தனியாக இறக்க வேண்டியது, அது பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டது. இரண்டின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏற்றாது. புதிய எண்ணுக்குரிய பிளகினை இறக்கி நிறுவி, பிரிண்டரை அணைத்துப் போட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது, அடுத்த நிமிடம் பக்கமும் வந்தது.

எல்லாம் முடிந்தது என்று அலுவலகத்தில் சொல்லும் நிலை. ஆனால் பத்திர அலுவலகத்தில் அச்சு வருவது மட்டும் போதாது, வர வேண்டிய இடத்தில் வர வேண்டும். முத்திரைத்தாளில் மேல் பாதியை முத்திரைச் சித்திரம் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கீழேதான் வாசகம் தொடங்கும். கொஞ்சம் மேலே ஏறினாலும் எழுத்து சித்திரத்தின் மேல் விழும், தாள் வீண். அது காசு கொடுத்து வாங்கிய தாள், கட்சிக்காரர் பெயரில் வாங்கியது, வேறொருவருக்குப் பயன்படுத்தவும் முடியாது. அதனால் வெறும் லீகல் தாளில் ஒரு பத்திரத்தின் முதல் பக்கத்தை மல்டிஃபங்ஷனில் எடுத்து, முத்திரைத்தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் வரி சித்திரத்தின் கீழ் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எழுத்துகளும் கொஞ்சம் சிறுத்திருந்தன.

கண்ணளவை நம்பாமல், 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து லீகல் அளவில் அச்சிட்டு ஸ்கேலால் அளந்தேன். 83-க்கும் சற்றுக் குறைவாக வந்தது. இந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிட்டது. லீகல் தாளின் உயரம் 356 மில்லிமீட்டர், ஏ4-இன் உயரம் 297. முன்னதைப் பின்னதுக்குள் அடக்கினால் 83 சதவீதம், விளிம்பு இடைவெளியையும் கழித்தால் அதற்குக் கொஞ்சம் கீழே. யாரோ லீகல் பக்கத்தை ஏ4-க்குச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அது புதிய வரிசைதான். எங்கள் விண்டோஸ் கணினிகள் பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் மொழி) டிரைவரில் அனுப்புகின்றன. பக்கம் லீகல் என்ற தகவல் கோப்புக்குள் இருக்கிறது, வேலையோடு தனியாக வருவதில்லை. தாள் அளவு சொல்லப்படாத வேலைக்குக் கப்ஸ் வரிசையின் இயல்பு அளவை எடுத்துக்கொள்ளும். புதிதாக உருவாக்கிய வரிசையில் அது ஏ4. பக்கம் தாளைவிடப் பெரிதாக இருந்தால் அடங்கும்படி சுருக்குவதும் அதன் இயல்பு. பழைய வரிசையில் எப்போதோ யாரோ இந்த இரண்டையும் மாற்றி வைத்திருக்க வேண்டும், நீக்கியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

ஒரே பிரிண்டருக்கு இரண்டு வரிசைகள் வைத்தேன். ஒன்று ஏ4, மனுக்களுக்கும் நகல்களுக்கும். இன்னொன்று பத்திரத்துக்கு: இயல்பு அளவு லீகல், தாள் மேனுவல் ட்ரேயிலிருந்து, சுருக்குவது 'வேண்டாம்'. இந்த மூன்றும் வரிசையின் அமைப்பிலேயே இருப்பதால், டைப் செய்யும் பெண்கள் ஒவ்வொரு முறையும் பிரிண்ட் பெட்டியில் எதையும் தேட வேண்டியதில்லை. மறுபடி அளந்தேன், 100 மில்லிமீட்டர் 100-ஆகவே வந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது முதல் வரி அதன் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் மாமா ஒரு முத்திரைத்தாளை ட்ரேயில் வைக்கச் சம்மதித்தார்.

இப்போது எங்களுக்கென்று ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது. லீகல் அளவு, நான்கு ஓரமும் ஒரு கோடு, நடுவில் 100 மில்லிமீட்டர் கோடு குறுக்கிலும் நெடுக்கிலும், கீழே ஒரு தமிழ்ப் பத்தி. அதில் கொ, ஞௌ, ஸ்ரீ, க்ஷ போன்றவை வேண்டுமென்றே இருக்கும். பழைய கிரயப் பத்திரங்கள் சில இன்னும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருப்பதால் அதிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எந்த மேம்படுத்தல் நடந்தாலும் இந்தப் பக்கம் இரண்டு பிரிண்டரிலும் நான்கு கணினியிலிருந்தும் சரியாக வந்த பிறகுதான் அலுவலகம் திறக்கும். கப்ஸின் அமைப்பு அடைவு முழுவதும் தேதியிட்டு ஒரு பென்டிரைவில் இருக்கிறது. டிரைவர் தொகுப்பு தானாகப் புதிதாகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறேன், பிளகினோடு சேர்த்து நானே மாற்றுவேன்.

டெபியன் 13, 2025 ஆகஸ்ட்டில் வந்துவிட்டது. அதற்கு மாறும் முன் சர்வரின் வட்டை நகலெடுத்து, வீட்டில் வேறொரு கணினியில் போட்டு, சின்ன லேசரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவந்து சோதிக்கப் போகிறேன். பிளகின் அங்கேயும் ஒத்துழைக்காவிட்டால் மாமாவிடம் புதிய பிரிண்டருக்குப் பணம் கேட்க வேண்டும், அதை இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.