துப்பு கேட்டது என் தப்பு

சின்னவன் வாசிப்பில் புலி. ஒரு பக்கத்தை மூச்சு விடாமல் படித்து முடிப்பான். என்ன புரிந்தது என்று கேட்டால்தான் புலி பதுங்கும். பாயவே பாயாது.

போன வார வீட்டுப்பாடத்தில் ஒரு பத்தி: “மாலா சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தாள். கையிலிருந்த குடையை மூலையில் சாய்த்து வைத்தாள்.” வெளியே என்ன நடந்தது? ஊகித்து எழுத வேண்டும்.

“கதையில போடலையேம்மா.”

“போடாததைத்தான்டா ஊகிக்கணும்.”

யோசித்தான். “மாலா குளத்துல விழுந்துட்டா.”

“மழைடா!”

“கையிலதான் குடை இருக்கே, அப்புறம் எப்படி நனைவா?”

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்தக் குடையை எதற்குத்தான் அவள் கையில் கொடுத்தார்களோ!

விடுவேனா? தருக்க நூல்களின் பழைய உதாரணத்தை எடுத்தேன். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது. புகையைக் கண் பார்க்கிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பது நமக்கு முன்பே தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் ஊகம், இல்லாவிட்டால் வெறும் குருட்டடி. 1988-இல் யூயில், ஓக்ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் பொருள் பிடிபடாத 7, 8 வயதுப் பிள்ளைகளைச் சொல் சொல்லாகத் துப்புத் தேட வைத்தார்களாம், நல்ல பலனாம். நானும் எதற்கெடுத்தாலும் “எப்படித் தெரியும்? துப்பு என்ன?” என்று ஆரம்பித்தேன். ஒரே வாரத்தில் வீட்டுக்குக் காவல் நிலையக் களை வந்துவிட்டது. பெரியவள் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி அண்ணன் கூடத்தில் படுத்திருந்தார். “ரெண்டே நாள்” என்று வந்தவருக்கு அது 11-ஆவது ராத்திரி. சின்னவன் கணீரென்று சொன்னான்: “அம்மா, மாமா இப்போதைக்குப் போக மாட்டார்.”

பழக்கதோஷம், “எப்படித் தெரியும்?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“பிரஷ்ஷைப் பையிலேர்ந்து எடுத்து நம்ம டம்ளர்ல போட்டுட்டார். ஊருக்குப் போறவங்க அப்படிப் போட மாட்டாங்க.”

துப்பு, முன்னறிவு, முடிவு, எல்லாம் நூல் பிடித்த மாதிரி. கூடத்தில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குறட்டை சட்டென்று நின்றது.

இன்று காலை பல் துலக்கிவிட்டு வந்தவன் என் காதில் கிசுகிசுத்தான். “நாம பேசினதை மாமா கேட்டுட்டார்.”

நான் துப்பு கேட்கவில்லை. டம்ளரை நானும் பார்த்திருந்தேன்.