முட்டைக்கு முன்னால் ரோட்டிஃபர்: கோமாளி மீன் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 12, 2023
90 லிட்டர் தொட்டியில் ஓசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் இரண்டு இறங்கின. ஒன்று நாலரை செ.மீ., மற்றது 3 செ.மீ. இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கோமாளி மீனில் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. இருப்பதில் பெரியது பெண்ணாக மாறும், பிறகு திரும்பாது. "ஜோடி" என்று கடையில் ஒரே அளவில் இரண்டு பெரிய மீன் கொடுத்தால் வேண்டாம். இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்று சாகும்வரை சண்டை ஓயாது.

இரண்டுமே பண்ணையில் பொரித்தவை. குருணைத் தீவனம் தின்னும், கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலே முட்டையிடும். உப்படர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி. வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 40 நிற்கிறது. மிச்ச உப்பையும் நீக்கும் டிஐ ரெசினில் ஓட்டி 0-க்கு இறக்கிய பிறகே உப்புக் கலக்கினது.

ஆகஸ்ட் 20
சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை உதறுகிறது. பெரியதற்கு அடங்கிவிட்டது. துரத்தல் உண்டு, ஆனால் துடுப்பு கிழியவில்லை. பிரிக்க வேண்டாம்.

செப்டம்பர் 3, 2024
தொட்டிக்குள் சாய்த்து வைத்த மண் ஓட்டை ஆண் இரண்டு நாளாகக் கொத்திக் கொத்தித் துலக்கியது. மாலை 5 மணிக்கு முதல் ஈடு: சுமார் 200 முட்டை, ஆரஞ்சு நிறம்.

செப்டம்பர் 5
பாதி முட்டை காணோம். முதல் ஈட்டைப் பெற்றவையே தின்பது சகஜம். இரண்டு வாரத்தில் அடுத்தது வரும். அதற்குள் குஞ்சின் முதல் இரையான ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிரி தயாராக வேண்டும். பொரித்த குஞ்சின் வாய்க்கு ஆர்டீமியா (உப்புநீர் இறால் குஞ்சு) பெரிது. ரோட்டிஃபர் இல்லாத வீட்டில் எத்தனை முட்டை பொரித்தாலும் மூன்றாம் நாளோடு முடிந்தது.

ரோட்டிஃபர் வளர்க்க 20 லிட்டர் வாளி, உப்படர்த்தி 1.017, மெல்லிய காற்று. நானோகுளோராப்சிஸ் பாசிக் கூழை வெளிர்பச்சை மாறாதபடி காலை மாலை சொட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் அழுகி, ஒரே இரவில் வாளியிலுள்ள ரோட்டிஃபர் எல்லாம் செத்துவிடும். அதனால் இன்னொரு அறையில் இரண்டாவது வாளியும் உண்டு.

செப்டம்பர் 17
இரண்டாம் ஈடு, 400-க்குக் குறையாது. வெளுத்த முட்டைகளை ஆண் தானே பொறுக்கிவிடுகிறது.

செப்டம்பர் 24
முட்டைக்குள் கண்கள் வெள்ளி போல மின்னுகின்றன. இன்றிரவு பொரியும். பெரிய தொட்டித் தண்ணீரையே நிரப்பி, சுற்றிலும் கறுப்புக் காகிதம் ஒட்டிய 20 லிட்டர் தொட்டி தயார். முட்டை ஒட்டிய மண் ஓட்டைத் தண்ணீருக்குள்ளேயே ஜாடியில் ஏந்தி மாற்றினது. ஆண் விசிறும் வேலையைக் காற்றுக்கல் செய்ய வேண்டும். குமிழி முட்டையை உரசி மேலேற வேண்டும், நேராக அடிக்கக் கூடாது. 8 மணிக்கு முழு இருட்டு. பொத்தானின் சிவப்பு விளக்கைக்கூட மூடியாயிற்று. 10 மணிக்கு டார்ச்சில் பார்த்தால் தண்ணீரெங்கும் கண்கள்.

செப்டம்பர் 25
மில்லிலிட்டருக்கு 10 ரோட்டிஃபர் வேண்டும். 20 லிட்டருக்கு 2 லட்சம். வாளியில் மில்லிலிட்டருக்கு 100 இருப்பதால் 2 லிட்டரை 53 மைக்ரான் சல்லடையில் வடித்து, அலசிப் போட்டால் கணக்குச் சரி. வடிக்காமல் ஊற்றினால் வாளியின் அம்மோனியாவும் சேர்ந்து வரும். கூடவே பாசி, அடித்தரை மங்கலாகத் தெரியுமளவு. விளக்கு மங்கல்தான், பளிச்சென்றால் குஞ்சுகள் கண்ணாடியில் முட்டிச் சாகின்றன. பசித்த குஞ்சு உடம்பை எஸ் போல வளைத்து, ஒரு நொடி நின்று, பாய்கிறது.

செப்டம்பர் 27
அம்மோனியா 0.25 பிபிஎம். காற்றுக்குழாய் வழியே 2 லிட்டர் எடுத்து, அதே வெப்ப, உப்பளவுள்ள தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விட்டது. தரையில் 60 போல இறந்து கிடந்தன.

அக்டோபர் 1
ஏழாம் நாள். பொரித்த 6 மணி நேரத்துக்குள்ளான ஆர்டீமியா, சிறு சிட்டிகை. ஆர்டீமியா முட்டையின் ஓடு கலக்காமல் வடிக்க வேண்டும். தின்றால் குடல் அடைக்கும். ஆசைப்பட்டு நிறையப் போட்டால், ஆரஞ்சு வயிறு நிறைந்தபடியே மறுநாள் சாகும். ரோட்டிஃபரை நிறுத்தக் கூடாது, இன்னும் நான்கு நாள் இரண்டும்.

அக்டோபர் 4
தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைக் கோடு, சுமார் 30 குஞ்சுகளில்.

அக்டோபர் 12
தரையோரம் நீந்துபவை 118. பெரிய தொட்டியில் பெண்ணின் வயிறு மறுபடி உப்பியிருக்கிறது. ரோட்டிஃபர் வாளியில் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 40தான். இந்த ஈட்டை எடுக்கப்போவதில்லை.