பளபளப்பை நம்பி இ.பி.எஸ்.டி-க்குப் போகாதீர்கள்

இ.பி.எஸ்.டி என்பது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில், உலோகத்தின் படிகங்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று படமெடுக்கும் முறை. வெளியூர் லேபில் அதற்கு ஒன்றரை மாதம் காத்திருந்து கிடைத்த நாலு மணி நேர ஸ்லாட். ராத்திரி பஸ்ஸில் கிளம்பிக் காலையில் போய் இறங்கினேன். சாம்பிள், 3டி பிரிண்ட் செய்த டைட்டானியம் 6-4 (6% அலுமினியம், 4% வனேடியம் சேர்ந்த கலவை). 1 மைக்ரான் டைமண்ட் பேஸ்ட் வரை பாலிஷ் போட்டது, முகம் தெரியும்.

வாசலிலேயே முதல் சிக்கல். சாம்பிளைப் பதித்திருந்த மவுண்ட் சாதாரண பேகலைட் பிளாஸ்டிக். மின்சாரம் கடத்தாது, சார்ஜ் ஏறிப் படம் நகர்ந்துகொண்டே இருக்கும். காப்பர் டேப் ஒட்டிச் சமாளிப்பதற்குள் ஒரு மணி நேரம் காலி. 70 டிகிரி சாய்த்து, 20 கிலோவோல்ட்டில் பார்த்தால் திரை முழுக்கச் சாம்பல் மூட்டம். படிகத்தின் அடையாளமாகத் திரையில் விழ வேண்டிய கிகுச்சி கோடு ஒன்றுகூட இல்லை. "சாம்பிள் சரியில்லை" என்றதோடு ஆபரேட்டர் எழுந்து போய்விட்டார். கட்டியது கட்டியதுதான், பணம் திரும்ப வராது.

என்ன கோளாறு என்று ஊர் திரும்பியபின் சீனியர் அக்காதான் சொன்னார். இ.பி.எஸ்.டி சிக்னல் மேற்பரப்பின் சில பத்து நானோமீட்டர் ஆழத்திலிருந்துதான் வருகிறது. டைட்டானியமோ தேய்க்கத் தேய்க்க இழுபட்டு, மேலே நசுங்கிய படலமாகப் படியும். டைமண்ட் பேஸ்ட்டால் அது போகாது. கொலாய்டல் சிலிகா (நுண்ணிய சிலிகாத் துகள் மிதக்கும் பாலிஷ் திரவம்) ஐந்து பங்கு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்கு கலந்து, அழுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டினேன். கடைசி ஒரு நிமிடம் துணியில் தண்ணீர் மட்டும் விடுங்கள். சிலிகா காய்ந்தால் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு மறுபடி பாலிஷ்தான்.

பஸ் ஏறுமுன் ஒரு சோதனை, செலவே இல்லை. எட்ச் செய்யாத (அமிலத்தில் அரிக்காத) சாம்பிளைச் சாதாரண ஆப்டிகல் மைக்ரோஸ்கோப்பில் வைத்து, இரண்டு போலரைசரையும் குறுக்காகத் திருப்புங்கள். சாம்பிளில் பெரும்பகுதியான ஆல்பா டைட்டானியம் அறுகோணப் படிகம், திசைக்குத் திசை ஒளியை வேறு மாதிரி காட்டும் என்பதால், படலம் போயிருந்தால் ஊசி ஊசியாக வெளிச்சமும் இருட்டுமாகத் தெரியும். எங்கள் லேபில் அந்த போலரைசர் டிராயரிலேயே கிடந்தது. முதல் சாம்பிளை அதில் வைத்துப் பார்த்தேன்: ஒரே மங்கல். ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டியது!

இரண்டாவது தடவை 89 சதவீதப் புள்ளிகள் இண்டெக்ஸ் ஆயின, அதாவது அவற்றின் படிகத் திசை பிடிபட்டது. ஆனால் கையில் கொடுத்தது வண்ணப் படங்கள் மட்டும். மூல டேட்டா ஃபைலை அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு மூன்று மெயில் ஆனது. நேற்று ராத்திரிதான் வந்தது. உடனே எம்டெக்ஸ் மென்பொருளில் போட்டு, பர்கர்ஸ் உறவை (பீட்டா ஆல்பாவாக மாறும்போது இரண்டின் திசைகளுக்கும் உள்ள தொடர்பு) வைத்து, சூட்டில் முதலில் உருவான பழைய பீட்டா கிரெயின்களை, அதாவது படிகத் துண்டுகளை, மீட்டேன். அந்த ஊசிகளுக்குப் பின்னாலிருந்து, பிரிண்ட் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே வளர்ந்த நெடுந்தூண்கள் எழுந்து வந்தன. மணி இரண்டு, யாரை எழுப்பிக் காட்டுவது என்று தெரியவில்லை.