நாலாவது படிக்குக் கீழே

"தம்பி, முப்பது நாளு, முப்பது நாளுங்கறீகளே. மழை அதுவரைக்கும் பொறுக்குமா?"

மனு கொடுக்க வந்த பெரியவர் அன்று கேட்டது இந்த ஒன்றைத்தான். "சட்டத்துல அப்படித்தான்யா இருக்கு" என்றேன். தகவல் உரிமை மனுக்களைக் கவனிக்கும் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாரும் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் சட்டத்தில் அப்படி இல்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(1) பிரிவு, இயன்ற அளவு விரைவாகக் கொடு, எப்படியும் 30 நாளுக்குள் கொடு என்கிறது. முப்பது என்பது கடைசி எல்லை. அதை அலுவலகத்துக்குத் தந்த அவகாசமாகவே படித்துப் பழகிவிட்டோம்.

மனு செப்டம்பர் கடைசியில் வந்தது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊருணி தூர்வாரிய வேலைக்கான எம் புக், அதாவது செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் கேட்டிருந்தார். நாலாவது படிக்குக் கீழே காலை வைத்தால் பழைய மண்ணே தட்டுப்படுகிறது என்பது அவருடைய சந்தேகம். அந்தப் படித்துறையில் ஐம்பது வருடம் தண்ணீர் எடுத்த வீட்டுக்காரர். அவருக்குப் படிதான் அளவுகோல்.

எம் புக்கில் படி இருக்காது. நீளம், அகலம், ஆழம், கன மீட்டர், இவ்வளவுதான் இருக்கும். 60 மீட்டருக்கு 40 மீட்டர் ஊருணியில் ஒரு மீட்டர் மண் எடுத்தால், கரைச்சரிவை விட்டுப் பார்த்தால் 2,400 கன மீட்டர். அதில் 15 சென்டிமீட்டர் குறைந்தால் 360 கன மீட்டர் குறையும். டிராக்டர் டிப்பருக்கு மூன்று கன மீட்டர் என்று வைத்தால் 120 நடை. ஒரு சாண்கூட இல்லாத ஆழ வித்தியாசத்துக்கு இவ்வளவு மண். கண்ணால் பார்த்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. வேலைக்கு முன்னும் பின்னும் லெவல், அதாவது தரையின் உயரம் எடுத்த தாள் வேண்டும். இரண்டு தடவையும் எந்த நிலையான புள்ளியிலிருந்து எடுத்தார்கள் என்பதும் வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் அடித்தளமோ பாலத்தின் கைப்பிடிச் சுவரோ, அசையாத ஏதாவது ஒன்று. அது எழுதப்படாவிட்டால் எம் புக்கில் இருப்பது வெறும் எண். பழைய தரை உயரத்தைக் காட்ட நடுவில் மண்திட்டு ஒன்றை விட்டுவைத்துத் தோண்டினால் லெவல் தெரியாதவருக்கும் ஆழம் தெரியும். பில் போட்டதும் முதலில் காணாமல் போவது அந்தத் திட்டுதான்.

அவர் பக்கம் மட்டும் பேசுவதும் நியாயமில்லை. நம் கடலோரத்தில் ஆழம் எடுப்பது மதுரைப் பக்கம் கண்மாய் வெட்டுவதுபோல இல்லை. மேலே நிற்பது மழை கொடுத்த நல்ல தண்ணீர், அடியில் உப்பு. ஊருணியின் அடிக்களியை உடைத்துவிட்டால் உப்பு ஊறி, தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. ஒரு சாண் முன்னதாகவே நிறுத்தச் சொல்லியிருந்தால் அது நல்ல பொறியாளர் செய்கிற வேலை. ஆனால் நிறுத்திய அளவுக்குத்தான் பில் போட வேண்டும். நிறுத்திய காரணமும் எம் புக்கில் ஏற வேண்டும். ஏறியிருந்ததா என்று அன்றே புரட்டிப் பார்த்திருக்கலாம். புத்தகம் பக்கத்து அறையில்தான் இருந்தது.

இருபத்தாறாம் நாள் கட்டணக் கடிதம் அனுப்பினேன். ஆறு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், மொத்தம் 12 ரூபாய். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டும் நாள் வரை முப்பதில் சேராது, 7(3) பிரிவு. நாள் கணக்கில் குறையே இல்லை. அவர் பணம் கட்டிய வாரத்தில் மழை பிடித்துவிட்டது.

தண்ணீர் நின்றாலும் அளக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நின்ற தண்ணீர் மட்டமாகத்தான் இருக்கும், கழியை இறக்கினால் ஆழம் வரும். உண்மைதான். ஆனால் முதல் மழையிலேயே வரத்துக்கால் புது வண்டலைக் கொண்டுவந்து போட்டுவிடும், வெட்டிய கரையும் சரியும். கழி தொடுவது தோண்டாமல் விட்ட மண்ணா, நேற்று வந்த மண்ணா? யார் கணக்கையும் அதைவைத்து மறுக்க முடியாது, உறுதிசெய்யவும் முடியாது.

2(j) பிரிவுப்படி வேலையை நேரில் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் உரிமை உண்டு. மனுவில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால், ஊருணி காய்ந்து கிடந்தபோதே டேப் பிடித்திருக்கலாம். மதிப்பீடு, முன்னும் பின்னும் எடுத்த லெவல் தாள், எம் புக் மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். அக்டோபர் 2 கிராம சபை அடுத்த சில நாளில் இருந்தது. அங்கே எழுந்து கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் அவருக்குச் சொல்லித் தருவது என் வேலை இல்லை என்று நினைத்தேன். மனு கொடுப்பவருக்கே மனு எழுதிக் கொடுக்கிறான் என்று பக்கத்து அறையில் பேச்சு வருமே என்றும் நினைத்தேன். அந்தப் பயம் பொய்யில்லை, இந்த அலுவலகங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தகவல் கேட்டு வருபவருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்று 5(3) பிரிவே சொல்கிறது. ஆக, சொல்லாமல் விட்டதுதான் விதிமீறல். கடிதத்தை இருபத்தாறாம் நாள் அனுப்பியது முப்பது நாள் எல்லைக்கு உட்பட்டது. இந்தக் கணக்கு இன்னும் எனக்கு நேராகவில்லை. இரண்டாம் நாளே கொடுத்திருந்தாலும் அவர் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார் என்று சில நாள் தோன்றும். படியிலிருந்து மண்வரைக்கும் கயிறு விட்டுப் பார்த்திருப்பார் என்றும் தோன்றும்.

நகல் வாங்க வந்தவர் ஆறு பக்கத்தையும் நின்றபடியே புரட்டினார். ஆழம் எழுதியிருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதுல நாலாவது படி எங்கய்யா வருது?"

அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும் என்றேன்.