அப்பாவின் இமையோரம்

ஜூன் 3, 2024, திங்கள்

காலை ஆறே முக்காலுக்கே லேப் வாசலில் நின்றேன். வெறும் வயிறு. எனக்கு முன்னால் ஆறு பேர். அந்தப் பெண் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடிக்கோங்க மேடம்" என்றாள். மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடி ஒன்று. பஞ்சை அமுக்கிக்கொண்டு அந்த மஞ்சள் மூடியையே பார்த்தபடி நின்றேன். நான் பதில் தேடுவது அதற்குள்தான் இருக்கிறது, ஆனால் கருஞ்சிவப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை.

மற்றதெல்லாம் சாயங்காலமே வந்துவிடுமாம். எல்பி லிட்டில் ஏ, ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்புத் துகள், அது மட்டும் சென்னைக்குப் போய் வர வேண்டும். நாலைந்து நாள்.

அம்மாவிடம் சர்க்கரைக்குப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 4

எல்.டி.எல்., கெட்ட கொழுப்பு, 131. சர்க்கரை சரி. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 6.4 என்று தடித்த எழுத்தில்.

ஜூன் 5

"அக்கா, வந்துடுச்சா?"
"இல்லடா."
வேறு எதுவும் பேசவில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவும் இல்லை.

ஜூன் 6, வியாழன்

தூக்கம் வரவில்லை. தம்பியின் பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஐந்து வருஷம், ஐந்து மாஸ்டர் செக்கப். மொத்தக் கொலஸ்ட்ரால் 171, 180, 176, 169, 178. ஒவ்வொன்றிலும் நார்மல், நார்மல். சிகரெட் கிடையாது. பொங்கலுக்கு வந்தபோது சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை உச்சி வரை ஏறினான், மூச்சு வாங்கவில்லை. ஏப்ரலில் இதய அடைப்புக்கு ஸ்டென்ட். நாற்பது வயது.

அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டர் இந்த எல்பி லிட்டில் ஏ சோதனையை எழுதினார். 30க்குள் இருக்க வேண்டியது, 50ஐத் தாண்டினால் ஆபத்து, அவனுக்கு 112. கெட்ட கொழுப்புத் துகள் மாதிரியேதான், ஆனால் அதோடு இன்னொரு புரதம் வால் போல ஒட்டிக்கொண்டிருக்குமாம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற புரதத்தின் சாயலில் இருப்பதால் அந்த வேலைக்கும் இடைஞ்சல் செய்யும் என்கிறார்கள். சாப்பாட்டால் கூடுவதும் இல்லை, நடையால் குறைவதும் இல்லை. பிறவியிலேயே வருவது. அதனால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஒரே ஒரு தடவை! நார்வேயில் காரே பெர்க் இதைக் கண்டுபிடித்தது 1963இல். அப்போது அப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஐந்து வருஷமும் பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தவர்கள் இந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

ஜூன் 7

பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒருவர். இமையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 8, சனி

96.

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவின் இடது கண்ணில், மூக்கை ஒட்டி, மேல் இமையில் மஞ்சளாக ஒரு தடிப்பு இருக்கும். வேகவைத்த துவரம்பருப்பை நசுக்கி ஒட்டியது போல. தோலுக்கு மேலே இல்லை, உள்ளே. மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் தடவுவேன், மெத்தென்று இருக்கும். வலிக்குமா என்று கேட்டால் "அது என் அதிர்ஷ்டம், தொடாதே" என்பார்.

கொழுப்பு அங்கே படியும் என்று இப்போது தெரியும். கொலஸ்ட்ரால் சரியாக இருப்பவர்களுக்கும் வருமாம், அதனால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் அப்பாவின் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லையே. எங்களுக்கு மிச்சம் இருப்பது அந்த மஞ்சள்தான்.

அப்பா போனது 1989. நாற்பத்தேழு வயது. எனக்கு ஆகஸ்டில் நாற்பத்தேழு.

ஜூன் 10

டாக்டர் முதலில் கேட்டது, "பல் வலி, சளி, காய்ச்சல் ஏதாவது இருந்ததா?" பத்து நாளாகக் கடைவாய்ப் பல் வலி. சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் கல்லீரல் சுரப்பது, பல்லா ரத்தக்குழாயா என்று அதற்குத் தெரியாது. பல்லைச் சரிசெய்து, இரண்டு வாரம் விட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னார். 1க்குக் கீழே நல்லது, 3க்கு மேலே கவலை.

96ஐக் குறைக்கக் கடைகளில் கிடைக்கும் மாத்திரை இன்னும் இல்லை, சோதனையில்தான் இருக்கிறதாம். ஆனால் எல்.டி.எல்.லை 70க்குக் கீழே கொண்டுவரலாம், பிரஷரைக் கட்டுப்பாட்டில் வைக்கலாம். "ஒரு கதவு பூட்டியிருந்தா மத்த கதவெல்லாம் சாத்திடலாம்மா" என்றார். பூட்டியிருக்கும் கதவு எது, சாத்தும் கதவு எது என்று வீடு வரும்வரை குழம்பிக்கொண்டே வந்தேன். ஆனால் அந்த "அம்மா" ஆறுதலாக இருந்தது.

இதயக் குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று பார்க்கும் கால்சியம் ஸ்கோர் ஸ்கேன் எழுதியிருக்கிறார். மருந்து ஏற்றாமல், சில நிமிடத்தில் முடிகிற சி.டி.

ஜூன் 12, புதன்

அகிரா எண்டோ இறந்துவிட்டார், போன வாரம். வயது தொண்ணூறு. ஜப்பானில் ஆறாயிரம் பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையிலிருந்து கொலஸ்ட்ராலைக் குறைக்கும் முதல் ஸ்டாட்டின் மருந்தைப் பிரித்தவர். தம்பி ராத்திரி போடுகிற மாத்திரை அந்த வழியில் வந்தது. நேற்றிலிருந்து நான் போடுவதும். ஆறாயிரத்தில் மூவாயிரத்தோடு அலுத்துப்போய் விட்டிருந்தால்? விளக்கேற்றும்போது அவரையும் நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 13

பல்லைப் பிடுங்கியாச்சு.

ஜூன் 16, ஞாயிறு

கறி எடுத்து வரட்டுமா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றாள். முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது. "நான்தான் நெய்யும் கறியுமா போட்டேன்." அப்புறம் எப்போதும்போல அந்த ராத்திரி. வாயுப் பிடிப்பு என்று அவர் சொன்னது, அவள் ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்தது, பாதி டம்ளர் குடித்தது.

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

ஜூன் 21

பாப்பா தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினைந்து வயசுப் பிள்ளையின் இமையில் என்ன இருக்கப்போகிறது. என்னிடமிருந்து அது அவளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஜூன் 28

சி.ஆர்.பி. 1.1. அத்தனையும் பல்.

ஜூன் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பிக்கு வந்தது சாப்பாட்டால் மட்டும் வந்தது இல்லை, ரத்தத்திலேயே இருக்கிறது, எங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அப்படியென்றால் அவர் பிறக்கும்போதே அது அவரிடம் இருந்தது, நீ சமைப்பதற்கு முன்பே என்றேன். அவள் கை நின்றது. நெய் வேறயா, அது வேறயா என்று கேட்டாள். அது வேற என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

தண்டுகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அப்புறம், "எங்களுக்குன்னு சொன்னியே. உனக்கு எவ்வளவு?"

ஜூலை 2, செவ்வாய்

ஏழரைக்கு ஸ்கேன். அம்மா புடவை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறாள், தானும் வருவாளாம். பாப்பாவுக்கு இட்லி மூடி வைத்திருக்கிறேன்.